உழுத நிலத்தில் ஓர் ஊர்

தமிழ்நாட்டில் எந்தப் பட்டணத்திலிருந்து எந்தத் திக்கில் பஸ் ஏறிப் புறப்பட்டாலும், ஊர் எல்லை தாண்டியதும் நம் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. வயலின் நடுவே வரிசை வரிசையாக மஞ்சளும் வெள்ளையும் பூசிய கற்கள். புதிதாகக் கொட்டிய செம்மண் சாலை. முகப்பிலே ஒரு வளைவு. அதன் மேல் ஏதோ ஒரு "நகர்" என்று பெரிய எழுத்தில் பெயர். வரப்பு அழிந்திருக்கும், வாய்க்கால் தூர்ந்திருக்கும், பழைய கிணறு மட்டும் சாட்சி சொல்வதற்கு ஆள் தேடுவது போல வாய் திறந்து கிடக்கும். பெயரோ நகர். ஆனால் பள்ளிக்கூடம் இல்லை, வைத்தியசாலை இல்லை, கடை இல்லை, பிழைப்புக்கு ஒரு தொழிலும் இல்லை. பல ஆண்டுகள் வரை வீடுகூட இராது. பயிர் விளைந்த இடத்தில் கல் மட்டும் விளைந்து நிற்கும். இந்த வழக்கம் எவ்வளவு முற்றிவிட்டதென்றால், அங்கீகாரம் பெறாமல் விளைநிலத்தைக் கூறுபோட்டு விற்கும் மனைகளைப் பத்திரப் பதிவு செய்யலாகாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றமே தடை விதிக்க நேர்ந்தது.

ஊர் பெருக வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. கிராமத்தில் ஜீவனம் போதாமல் குடும்பங்கள் பட்டணத்தை நோக்கி வருகின்றன. வந்தவர்களுக்கு இருக்க இடம் வேண்டும். விளைநிலத்தில் ஒரு பகுதி குடியிருப்பாக மாறியே தீரும். எவ்விதம் மாற வேண்டும், மாறும்போது உண்டாகும் பெருத்த லாபம் யாரைச் சேர வேண்டும் என்பனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். நேற்று ஏக்கர் கணக்கில் வாங்கிய நிலத்தை இன்று சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். இடையில் நிலத்துக்கு நேர்ந்தது என்ன? மண் மாறவில்லை. பக்கத்தில் சாலை வந்தது, ரயில் வந்தது, ஜனங்கள் வந்தார்கள். சாலை, பொதுப் பணத்தில் போட்டது. ஜனங்களோ தங்கள் வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்கள். இவர்களால் நிலத்துக்கு ஏறிய மதிப்பை, இவர்களில் ஒருவராகவும் இல்லாத வேறொருவர் மடியில் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

வயலில் எழும் ஊரின் லாபம் அந்த ஊருக்கே சேரும்படி செய்ய முடியுமா? முடியும் என்று ஒரு மனிதர் யோசனை சொன்னார். சொன்னதோடு நில்லாமல் ஊரையும் எழுப்பிக் காட்டினார்.

சுருக்கெழுத்தாளரின் கனவு

அவர் பெயர் எபினேஸர் ஹோவர்ட். 1850-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். பிரபு அல்லர், பெரும் படிப்பாளியும் அல்லர். இருபத்தொன்றாம் வயதில் அமெரிக்காவுக்குப் போய் நெப்ராஸ்கா என்னும் பிரதேசத்தில் விவசாயம் செய்து பார்த்தார், அது கைகூடவில்லை. சிக்காகோ நகரில் சில காலம் கழித்துவிட்டு, 1876-இல் தாய்நாடு திரும்பி, பார்லிமெண்டில் அங்கத்தினர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எழுதும் வேலையில் அமர்ந்தார். பிறர் பேச்சை எழுதியே காலம் தள்ளிய அந்த மனிதர், 1898-இல் தமக்கென்று சொல்லவிருந்த ஒரே பேச்சைச் சிறு புத்தகமாக எழுதி வெளியிட்டார். 1902-இல் அது "நாளைய தோட்ட நகரங்கள்" என்ற பொருள்படும் புதுப் பெயருடன் மறுபடியும் அச்சாயிற்று.

அக்காலத்தில் இங்கிலாந்தின் நிலைமை விசித்திரமாக இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் வந்து குவிந்ததனால் விவசாயம் நொடித்தது, கிராமங்கள் காலியாயின. லண்டனிலோ ஏழை ஜனங்கள் ஒரே அறையில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். பட்டணம் ஒரு காந்தம், கிராமம் ஒரு காந்தம் என்றார் ஹோவர்ட். பட்டணத்தில் வேலையும் கூலியும் உண்டு; காற்றும் வெளிச்சமும் இல்லை. கிராமத்தில் காற்றும் வெளிச்சமும் உண்டு, வேலை இல்லை. இவ்விரண்டின் நன்மைகளையும் சேர்த்து மூன்றாவது காந்தம் ஒன்று செய்தால் என்ன என்று அவர் கேட்டார்.

அவர் வரைந்த திட்டம் இது. 6,000 ஏக்கர் விளைநிலத்தை வாங்க வேண்டும். நடுவில் 1,000 ஏக்கரில் மட்டும் ஊர். சுற்றிலும் மீதமுள்ள 5,000 ஏக்கர் என்றென்றைக்கும் வயலும் தோப்புமாகவே இருக்க வேண்டும். ஊரின் மத்தியில் பூங்காவும் பொதுக் கட்டடங்களும். அடுத்துத் தோட்டத்தோடு கூடிய வீடுகளும் பள்ளிக்கூடங்களும். வெளி ஓரத்தில் ரயில் பாதையை ஒட்டித் தொழிற்சாலைகள். ஜனத்தொகை 32,000 ஆனதும் ஊர் வளர்வதை நிறுத்தி, வயல்வெளிக்கு அப்பால் இன்னோர் ஊரைத் தொடங்க வேண்டும். அதாவது, வீடு, வேலை, படிப்பு, கடைத்தெரு, கழனி எல்லாம் நடந்து போகும் தூரத்தில்.

ஆனால் திட்டத்தின் உயிர், படத்தில் இல்லை, கணக்கில் இருந்தது. நிலத்தை விவசாய விலைக்கு வாங்க வேண்டும். பிறகு அதை ஒருவருக்கும் விற்கக் கூடாது. ஊருக்காகத் தர்மகர்த்தாக்கள் அதை வைத்திருக்க, குடியிருப்போர் வாடகை செலுத்த வேண்டும். அந்த வாடகையில் கடனுக்கு வட்டி போக, முதலும் சிறிது சிறிதாகக் கழியும். எஞ்சியதெல்லாம் சாலைக்கும் பள்ளிக்கும் முதியோர் உபகாரச் சம்பளத்துக்கும் போய்ச் சேரும். ஊர் செழிக்கச் செழிக்க நிலத்தின் மதிப்பு ஏறும். ஏறிய மதிப்பு ஊருக்கே திரும்பி வரும். பணக்காரரிடமிருந்து பறிப்பதில்லை, எந்தப் புரட்சியும் இல்லை. வரப்போகும் லாபத்தை முன்கூட்டியே பொதுவில் எழுதி வைப்பது, அவ்வளவுதான்.

மழையில் தொடங்கிய ஊர்

கனவுக்காரர்களின் புத்தகங்கள் அநேகமாக அலமாரியிலேயே உறங்கிவிடும். ஹோவர்டின் அதிர்ஷ்டம், ரால்ப் நெவில் போன்ற வழக்கறிஞர்களும் காட்பரி, லீவர் போன்ற தொழிலதிபர்களும் அவர் பக்கம் சேர்ந்தார்கள். 1903-இல் ஒரு கம்பெனி பதிவாயிற்று. பங்குதாரர்களுக்கு நூற்றுக்கு 5-க்கு மேல் லாபப் பங்கு கிடையாது. அதற்கு மேற்பட்டது ஊருக்கே என்பது அதன் விதி. லண்டனுக்கு வடக்கே சுமார் 35 மைல் தூரத்தில், ஹெர்ட்போர்ட்ஷைர் ஜில்லாவில், பதினைந்து சொந்தக்காரர்களிடமிருந்து 3,818 ஏக்கர் நிலம் ஏக்கருக்குச் சுமார் 40 பவுன் வீதம் வாங்கப்பட்டது. விஷயம் வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால் பேரம் பரம ரகசியமாக நடந்தது. 1903 அக்டோபர் 9-ஆம் தேதி, கொட்டும் மழையில், காலடியில் சேறு வழுக்க, லெட்ச்வொர்த் தோட்ட நகரம் தொடங்கி வைக்கப்பட்டது.

பாரி பார்க்கர், ரேமண்ட் அன்வின் என்னும் இரு சிற்பிகள் ஊருக்குப் படம் வரைந்தார்கள். 1905-இல், 150 பவுனுக்குள் கட்டக்கூடிய வீடுகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலேறி வந்து பார்த்தார்கள். தொழில்களும் வந்தன. "எவ்ரிமேன்" என்னும் மலிவுப் பதிப்பு வரிசையை 1906 முதல் வெளியிட்ட டெண்ட் கம்பெனியின் அச்சுக்கூடம் இங்கே எழுந்தது. ஷேக்ஸ்பியரையும் பிளேட்டோவையும் அந்தச் சிறு புத்தகங்களில் படித்த நம் நாட்டார் எத்தனையோ பேர். அவை ஒரு பழைய வயல்வெளியில் அச்சானவை என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

லண்டன் பத்திரிகைகள் முதலில் பரிகாசம் செய்தன. மாமிசம் உண்ணாதவர்கள், காலுறை இன்றிச் செருப்பு மட்டும் அணிபவர்கள், எளிய வாழ்க்கை என்று பேசுபவர்கள் ஆகிய கிறுக்கர்கள் கூடும் ஊர் அது என்று எழுதின. அந்த இலக்கணப்படி பார்த்தால் நம் பாட்டனார்களில் பாதிப் பேர் லெட்ச்வொர்த்துக்குப் போயிருக்க வேண்டியவர்களே! மதுக்கடை வேண்டுமா என்று வாக்கெடுத்தபோது பெரும்பான்மையோர் வேண்டாமென்றனர். 1907-இல் திறந்த "ஸ்கிட்டில்ஸ்" என்னும் விடுதியில் சாராயம் ஒரு துளியும் இல்லாமல் கோக்கோ போன்ற பானங்களையே வழங்கினார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். வியாபாரிகளான டைரக்டர்கள் ஹோவர்டின் ஏறும் வாடகைத் திட்டத்துக்கு அஞ்சி, நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஏறும் மதிப்பு ஊருக்கு வந்து சேர அதனால் வெகு காலம் பிடித்தது. தொடக்கத்தில் பல ஆண்டுகள் பங்குதாரருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. திறமைத் தொழில் அறிந்தவனுக்கு வீடு கிடைத்தது. கூலிக்காரனுக்கோ 150 பவுன் வீட்டின் வாடகையும் எட்டவில்லை. அவன் பக்கத்துப் பழைய ஊரில் தங்கி, தினமும் தோட்ட நகரத்துக்கு வேலைக்கு வந்து போனான். இந்தக் கடைசிக் குறையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். மறுபடியும் அதைச் சந்திக்க நேரும்.

கை நழுவ இருந்த செல்வம்

ஹோவர்ட் 1928-இல் காலமானார். அவருடைய கணக்கு சரிதான் என்பது அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்தான் விளங்கிற்று. அதுவும் ஓர் ஆபத்தின் உருவில். ஊர் செழித்து நிலத்தின் மதிப்பு ஏறியிருந்தது. கம்பெனியின் பங்குகளோ யாரும் வாங்கக்கூடியவை. 1960-ஆம் ஆண்டு வாக்கில், நிறுவியவர்களின் நோக்கத்தில் சிறிதும் பற்றில்லாத வெளிக் கம்பெனி ஒன்று பங்குகளை வாங்கிச் சேர்த்து ஊரைத் தன் வசப்படுத்திக்கொண்டது. அறுபது ஆண்டு உழைப்பில் விளைந்ததைத் துண்டு துண்டாக விற்றுவிடுவார்களோ என்று குடிகள் திகிலடைந்தார்கள். ஊர்ச்சபையும் ஜனங்களும் கிளர்ச்சி செய்தார்கள். 1962-இல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றி, ஊர்நிலம் முழுவதையும் ஒரு பொது ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தது. 1995 முதல் அந்தப் பொறுப்பு, லாப நோக்கமற்ற ஓர் அறநிலையத்திடம் இருக்கிறது. கடைகளிலிருந்தும் தொழிற்கூடங்களிலிருந்தும் வரும் வாடகை, இன்றும் அவ்வூர் ஜனங்களின் நன்மைக்கே செலவாகிறது.

நல்ல எண்ணம் மட்டும் போதாது. அதைச் சட்டத்தின் பூட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதே லெட்ச்வொர்த் கற்பித்த பாடம். பூட்டாத கதவைத் திருடன் ஒருநாள் கண்டுபிடித்தே தீருவான்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

தோட்ட நகர யோசனை நம் தேசத்துக்கு வந்த கதை சுவையானது. 1914-இல் சென்னைக் கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில், நகர அமைப்பு நிபுணரான பாட்ரிக் கெட்டீஸ் இந்தியாவுக்குப் புறப்பட்டார். படங்களும் மாதிரிகளும் அடங்கிய அவருடைய கண்காட்சி தனிக் கப்பலில் வந்தது. செப்டம்பரில் சென்னையின்மேல் குண்டு போட்ட அதே எம்டன் கப்பல், அடுத்த மாதமே அந்தக் கண்காட்சிக் கப்பலையும் கடலில் மூழ்கடித்தது! கெட்டீஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகச் சேர்த்தனுப்பிய படங்களைக் கொண்டு 1915-இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார். நம் கோயில் நகரங்களைச் சுற்றிப் பார்த்து மெச்சினார். சென்னை மாகாணத்தில் 1920-இல் நகர அமைப்புச் சட்டமும் வந்தது. அதன் பின் சில ஆண்டுகளில், பழைய ஏரிப் படுகையில், நடுவே பனகல் பூங்காவோடு தியாகராய நகர் எழுந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோவர்டின் படத்தை நாம் எடுத்துக்கொண்டோம்; கணக்கை எடுத்துக்கொள்ளவில்லை. பூங்கா வந்தது, நேரான தெரு வந்தது, மனைகளோ தனித்தனியே விற்கப்பட்டன. ஊரால் ஏறிய மதிப்பு ஊருக்கு வரும் வழி அத்துடன் அடைபட்டது. அதன் பின் எழுந்த நகர்கள் எல்லாம் ஏறக்குறைய அந்த வழியே சென்றன.

புனாவில் ஒரு புது வழி

வேறு வழி கண்டவர்கள், படம் வரையும் நிபுணர்கள் அல்லர், விவசாயிகள். புனா நகரின் கிழக்கே ஹடப்ஸர் பகுதியில் மகர்பட்டா என்று ஓரிடம். சுமார் 120 குடும்பங்கள் சேர்ந்தாற்போல் 400 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்துக் கரும்பும் காய்கறியும் பயிரிட்டு வந்தன. நகரம் அவர்களை நெருங்கி வந்தது. 1976-ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டப்படி சர்க்கார் அற்ப விலைக்கு எடுத்துக்கொள்ளுமோ என்பது ஒரு பயம்; தரகர்கள் துண்டு துண்டாக வாங்கிவிடுவார்களோ என்பது இன்னொரு பயம். விற்ற பணம் கல்யாணத்திலும் காரிலும் கரைந்து, மகன் அந்த நிலத்திலேயே காவற்காரனாக நிற்கும் கதை அவர்கள் அறியாததன்று.

அக்குடும்பங்களைச் சேர்ந்த சதீஷ் மகர் என்னும் விவசாயப் பட்டதாரி ஒரு யோசனை சொன்னார்: ஒருவரும் நிலத்தை விற்பதில்லை, எல்லாரும் சேர்ந்து கம்பெனி அமைப்பது, கொடுத்த நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கு, நகரத்தை நாமே கட்டுவது. கலப்பை பிடித்தவர்கள் கம்பெனி நடத்துவதாவது என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசி எல்லாரையும் இணங்க வைப்பதே பெரிய வேலையாயிற்று. 1993-இல் யோசனையை மாகாணத்தின் முதலமைச்சர் சரத் பவாரிடம் கொண்டு சென்றார்கள். அனுமதிகள் பெற்று 2000-ஆம் ஆண்டில் கட்டட வேலையைத் தொடங்கினார்கள். குடியிருப்பு, கணினித் தொழில் அலுவலகங்கள், பள்ளிக்கூடம், வைத்தியசாலை, கடைத்தெரு, விசாலமான பூங்கா எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கட்டடச் சாமான் வழங்குவோராகவும் ஒப்பந்தக்காரராகவும் அந்த வேலையிலேயே தொழில் கற்றார்கள். அலுவலகக் கட்டடங்கள் வாடகைக்கு விடப்பட்டதனால் வருமானம் ஒருநாள் வந்து தீர்ந்து போகாமல் ஆண்டுதோறும் வருகிறது. பிறகு இதே முறையில், புனாவுக்குத் தென்மேற்கே சுமார் 700 ஏக்கரில் நாந்தேட் நகர் எழுந்தது.

இங்கேயும் அந்தப் பழைய குறை தலைகாட்டுகிறது. நிலத்தின் அளவுப்படி பங்கு என்றால், நிலமில்லாதவனுக்குப் பங்கு சுழி. அதே மண்ணில் களை பறித்த கூலிப்பெண்ணுக்குக் கம்பெனியின் கணக்கில் இடமில்லை. ஹோவர்டின் பொது உடைமையும் இதுவன்று, சொந்தக்காரரின் கூட்டுடைமை. ஆயினும், உழுதவனை வெளியேற்றாமலே ஊர் கட்டலாம் என்பதற்கு நம் தேசத்திலேயே ஓர் அத்தாட்சி கிடைத்துவிட்டது.

கிருஷ்ணைக் கரையில்

கூட்டாக நிலம் கொடுப்பது மட்டும் போதுமா என்றால், ஆந்திர தேசம் பதில் சொல்கிறது. 2014-இல் மாகாணம் பிரிந்தபின், கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி என்னும் புதுத் தலைநகர் கட்டும் யோசனையைச் சர்க்கார் வெளியிட்டது. முப்போகம் விளையும் பூமி அது. விவசாயிகள் சுமார் 28,000 பேர் 33,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒப்படைத்தார்கள். கைக்கு ரொக்கம் இல்லை. பின்னர் செப்பனிட்ட மனையாக ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அதுவரை பத்து ஆண்டுகள் ஏக்கருக்கு வருஷம் 30,000 ரூபாயிலிருந்தும், நல்ல நீர்வளமுள்ள நிலத்துக்கு 50,000 ரூபாயிலிருந்தும் தொடங்கி உயரும் தொகை என்று ஏற்பாடு. நிலமற்ற குடும்பங்களுக்கும் தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். அம்மட்டில் இது புனாவைக் காட்டிலும் ஒரு படி மேல்.

2015 அக்டோபரில் அஸ்திவாரக் கல் நாட்டியாயிற்று. 2019-இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு டிசம்பரில் தலைநகர் ஒன்றல்ல, மூன்று என்று அறிவித்தார்கள். பாதி எழுந்த கட்டடங்கள் அப்படியே நின்றன. வயலும் இல்லை, நகரும் இல்லை. பெண்கள் முன்னணியில் நிற்க, விவசாயக் குடும்பங்கள் நாலு ஆண்டுகளுக்கு மேல் போராடின. 2021 நவம்பரில் அமராவதியிலிருந்து திருப்பதிக்குக் கால்நடையாகவே யாத்திரை புறப்பட்டார்கள். 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அவர்களுக்கு அனுகூலமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. 2024-இல் மறுபடியும் ஆட்சி மாறிய பின்பே வேலை திரும்பவும் உயிர் பெற்றது. மகர்பட்டா விவசாயி தன் கையில் பங்குப் பத்திரம் வைத்திருந்தான். அமராவதி விவசாயி பிறருடைய வாக்குறுதியை வைத்திருந்தான். வித்தியாசம் அவ்வளவே, அது சிறிய வித்தியாசமா?

நாம் கேட்க வேண்டியவை

இனி நம் ஊரின் பக்கத்தில் யாரேனும் பல நூறு ஏக்கர் வயலில் வீடும் கடையும் ஆலையும் பள்ளியும் சேர்ந்த புது நகரம் அமைக்கும் யோசனையோடு வந்தால், வண்ணப் படத்தைப் பார்த்து மயங்கிவிடாமல் சில கேள்விகளைக் கேட்போமாக.

முதலாவது, நிலம் யார் பெயரில் இருக்கும்? உழுதவன் பங்காளியாக நிற்கிறானா, விலை வாங்கிக்கொண்டு விலகுகிறானா? இரண்டாவது, நாளை ஏறப்போகும் மதிப்பில் ஊருக்கு என்ன பங்கு? அது வாய்ச்சொல்லா, ஆட்சி மாறினாலும் பங்கு கைமாறினாலும் அழியாத பத்திரமா? மூன்றாவது, சொந்த நிலமின்றி அங்கே கூலிவேலை செய்தவர்களுக்கும் குத்தகை உழுதவர்களுக்கும் அந்த ஊரில் குடியிருக்கத் தக்க வீடும் வேலையும் உண்டா? லெட்ச்வொர்த்திலும் புனாவிலும் சரியான விடை கிடைக்காத கேள்வி இது. நாமாவது விடை காண வேண்டும். நான்காவது, ஏரி, கால்வாய், ஓடை இவற்றின் வழி எது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள் நீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். மனை விற்றவர் மறந்துபோன பாதையைத் தண்ணீர் மறக்கவில்லை. ஐந்தாவது, பள்ளியும் வைத்தியசாலையும் தொழிலும் எப்போது வரும்? வீடெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகென்றால் அது ஊர் அன்று, படுக்கையறை.

மனை வாங்குவோர் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தினரே. பெண்ணின் கல்யாணத்துக்கோ பிள்ளையின் படிப்புக்கோ உதவும் என்று, மிச்சம் பிடித்த பணத்தைக் கல் நட்ட நிலத்தில் போட்டு வைக்கிறோம். ஆகையால் இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. வாங்குகிறவன் கேட்டால் விற்கிறவன் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பழங்காலத்தில் அரசர் ஓர் ஊரை உண்டாக்கினால் முதலில் ஏரி வெட்டினார்; கோயிலுக்கும் வைத்தியனுக்கும் ஆசிரியனுக்கும் தச்சனுக்கும் மானியம் விட்டார்; பொதுநிலம் இதுவென்று கல்லில் வெட்டி வைத்தார். எல்லாக் குடிகளுக்கும் அதில் சம இடம் இருந்ததென்று நாம் சொல்லோம்; ஆனால் ஊர் என்றால் பொதுவானது ஒன்று இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அன்று வெட்டிய கல் ஊரின் உரிமையைச் சொல்லிற்று. இன்று வயலில் நடும் கல் மனையின் நீள அகலத்தை மட்டும் சொல்கிறது. அந்தக் கல்லையும் ஊரின் உரிமை பேசும்படி செய்வது நம் தலைமுறையின் பொறுப்பு.